கொய்யாப்பழ விரதம்

போன வருஷம் தைப்பொங்கல் கழிந்து கொஞ்ச நாளில் ஆரம்பித்த கதை இது. நாங்கள் இருப்பது மாத்தளை மாவட்டத்தில், பல்லேபொல பக்கம். பஸ் ரோட்டில் இறங்கி மேட்டில் ஏறி வந்தால் எங்கள் வீடு. சுற்றிவர மிளகுக்கொடி, கொஞ்சம் கராம்பு, பின்னால் கிணற்றடியில் ஒரு கொய்யா மரம். என் வீட்டுக்காரர் தம்புள்ளை மரக்கறிச் சந்தையில் மூட்டை ஏற்றுகிறார். வாரத்துக்கு ஒரு தடவைதான் வீட்டுக்கு வருவார். மகளைக் கலேவெலயில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அதனால் வீட்டில் பெரும்பாலும் நானும் சாமி படமும்தான்.

எனக்கு வெளிக்குப் போகும்போது ரத்தம் வர ஆரம்பித்திருந்தது. வெட்கப்படுகிற விஷயம், யாரிடம் போய்ச் சொல்வது? உடம்புச் சூடு என்று நினைத்து வெந்தயம் ஊறவைத்துக் குடித்தேன். மூலமாக இருக்கும் என்று நினைத்து மிளகாய்த்தூளைக் குறைத்தேன். அம்மாளுக்கு வெள்ளிக்கிழமை விரதம் பிடித்தேன். ரத்தம் நிற்கவில்லை. சட்டையெல்லாம் தளர்ந்து தொங்குவதைப் பார்த்து மகள்தான் ஒரு நாள் என்னைப் பிடித்து உட்காரவைத்து விசாரித்தாள். அதற்குப் பிறகு மறைக்க முடியவில்லை.

எங்கள் வீட்டுக்குக் கீழே, படி இறங்கினால், ஒரு முஸ்லிம் குடும்பம் இருக்கிறது. பல தலைமுறையாக இந்த ஊரில் இருப்பவர்கள். அந்த வீட்டு அம்மாவை நான் ராத்தா என்றுதான் கூப்பிடுவேன், அக்கா என்று அர்த்தம். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். நல்ல வாய். அவர் சிரித்தால் மேட்டில் குசினியில் சமைத்துக்கொண்டிருக்கும் எனக்குக் கேட்கும். நான் ஆஸ்பத்திரிக்குப் போகப் போவது தெரிந்ததும் வேலியருகே வந்து நின்றார்.

“என்னத்துக்குத் தங்கச்சி, பெரியாஸ்பத்திரிக்கு?”

நான் வயிற்றுக்குச் சரியில்லை என்று மழுப்பினேன். அவர் குரலைத் தாழ்த்தி, “ரத்தமா?” என்றார். நான் தலையாட்டினேன்.

“எனக்கும் அதே கததான் புள்ள. வெக்கத்துல நானும் ஒருத்தருக்கிட்டயும் செல்லாம இரிக்கேன். வாங்க, ரெண்டு பேரும் சேர்ந்தே போவோம்.”

அப்படித்தான் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில், ஒரே சீட்டில் உட்கார்ந்து போனோம். அன்றைக்கு அவரோடு போனது எனக்கு எவ்வளவு தைரியமாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. திரும்பி வரும்போதும் ஒரே சீட்டில்தான் வந்தோம். ஆனால் நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தேன்.

காரணம் இதுதான். டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் தனித்தனியாகப் பார்த்தார். எனக்குச் சொன்னார், “குடலுக்குள்ள கெமரா போட்டுப் பார்க்கணும் அம்மா. பயப்பட வேணாம். ஆனா பார்க்காம விடவும் ஏலாது.” புற்றுநோய் என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதே எனக்குச் சொன்ன மாதிரி இருந்தது. அங்கே அந்தக் கெமரா மெஷின் ஒன்றுதானாம். அதைப் பிடிக்கத் தெரிந்த டாக்டரும் அவர் ஒருவர்தானாம். வாரத்தில் சில நாள்தான் அந்த அறையைத் திறப்பார்கள். வருகிற சனமோ வாசல் தாண்டி நிற்கிறது. அதனால் தேதி தருவார்கள், அந்தத் தேதிக்குத்தான் வரவேண்டும்.

எனக்கு நவராத்திரி கழிந்து தேதி தந்தார்கள். ராத்தாவுக்குச் சித்திரை வருஷப் பிறப்புக்கு முன்னாலேயே!

இரண்டு பேருக்கும் அதே ரத்தம், அதே ஆஸ்பத்திரி, அதே டாக்டர், அதே நாள். அவருக்கு மட்டும் எப்படி? பஸ்ஸில் அவர் என் கையைத் தட்டி, “கவலப்படாதீங்க தங்கச்சி, அல்லாஹ் பாத்துக்குவான்” என்றார். எனக்கு எரிந்தது. உன்னைத்தான் பார்த்துக்கொண்டானே என்று நினைத்துக்கொண்டேன்.

அவருடைய மருமகனுக்குக் கலேவெலயில் கடை. ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற ஒரு பொடியனோடு அந்த மருமகனுக்குப் பழக்கம் என்று நான் எப்போதோ கேள்விப்பட்டிருந்தேன். அது போதாதா? ஆள் பிடித்துத்தான் தேதி வாங்கியிருக்கிறார்கள் என்று முடிவு செய்துவிட்டேன். வீட்டுக்காரர் போனில் பேசும்போது அவரிடமும் அதைத்தான் சொன்னேன். மறுநாளும் சொன்னேன். அதற்கு மறுநாளும் சொன்னேன். கடைசியில் அவர், “ஒனக்கு வருத்தம் கொடல்லயா, கண்ணுலயா?” என்று கேட்டார். வருத்தம் என்றால் எங்கள் பக்கம் நோய். கோபத்தில் போனை வைத்துவிட்டேன்.

ஆனால் அவர் கேட்டது சரிதான். கீழ் வீட்டில் எது நடந்தாலும் என் கண்ணில்தான் குத்தியது. ராத்தா முற்றத்தில் கராம்பு காயப்போட்டால், நாளைக்கே குணமாகப் போகிறவள் மாதிரி எவ்வளவு சுறுசுறுப்பு என்று தோன்றும். அவர் சிரிப்பது கேட்டால், தேதி கிடைத்தவள் சிரிக்கத்தானே செய்வாள் என்று தோன்றும். விளக்கு ஏற்றும்போதும் இதே புலம்பல்தான். அம்மாளே, வெள்ளிக்கிழமை தவறாமல் உனக்குப் பூ வைக்கிறேனே, ஆடியில் தீச்சட்டி எடுத்தேனே, உன் பிள்ளையை விட்டுவிட்டு அடுத்த வீட்டுக்காரியை முன்னால் அனுப்பிவிட்டாயே என்று சாமியோடும் சண்டை பிடித்தேன்.

வருஷப் பிறப்பு நெருங்கியது. ஒரு நாள் காலையில் ராத்தா மூச்சு வாங்க மேட்டில் ஏறி வந்தார்.

“மெஷின் ஒடஞ்சி போச்சாம் தங்கச்சி. கோல் எடுத்தாங்க. இப்ப வர வேணாமாம். வெசாக் முடிஞ்ச பொறகு பாப்போம்னு செல்றாங்க.”

“அடடா” என்று சொன்னேன். வாய்தான் சொன்னது. அவர் படி இறங்கிப் போனதும் உள்ளே போய் சாமி விளக்குக்கு எண்ணெய் ஊற்றினேன், கொஞ்சம் கூடுதலாகவே. இப்போது அவளும் என்னை மாதிரிதானே, காத்திருக்கட்டும் என்று நெஞ்சு குளிர்ந்தது.

அந்தக் குளிர்ச்சி இரண்டு நாள்கூட நிலைக்கவில்லை. எனக்கும் கோல் வந்தது. மெஷின் உடைந்ததில் எல்லாருடைய தேதியும் தள்ளிப் போகிறதாம். எனக்கு நவராத்திரி இல்லை, அடுத்த தைப்பொங்கலுக்குக் கிட்ட வரட்டாம். போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். ராத்தா பின்னால் போனால் நான் முன்னால் போவேன் என்று என் புத்தியில் எப்படியோ ஒரு கணக்கு இருந்திருக்கிறது. அவர் பின்னால் போனபோது நான் அவருக்கும் பின்னால் போனேன். ஒரே மெஷின், ஒரே வரிசை. இதைப் புரிந்துகொள்ள பெரிய படிப்பு வேண்டியதில்லை. ஆனால் பொறாமைப்படுகிறவளுக்கு அது புரிவதில்லை.

அதற்குப் பிறகு ரத்தம் கொஞ்சம் கூடுதலாகவே வந்தது. ராத்திரியில் பயம். தைப்பொங்கல் வரைக்கும் நான் இருப்பேனா என்று ஒரு நினைப்பு. மகளுக்கு அது முதல் பிள்ளைத்தாய்ச்சிக் காலம். பேரப்பிள்ளையைப் பார்ப்பேனா என்று இன்னொரு நினைப்பு.

வெசாக் பண்டிகைக்குக் கட்டிய விளக்குக் கூடுகளெல்லாம் கழற்றின கொஞ்ச நாளில் திடீரென்று ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு கோல். ஒருவர் வரமுடியாதாம், அந்த இடம் காலியாம், நாளை மறுநாள் வரமுடியுமா என்று மிஸ் கேட்டார். எங்கள் பக்கம் நர்ஸ்மாரை மிஸ் என்றுதான் சொல்வோம். சிங்களப் பிள்ளை, ஆனால் எனக்காகத் தமிழில் பேசினார்.

“நாளைக்கு வந்து மருந்து வாங்கிட்டு போங்க அம்மே. சாப்பாடு இல்ல. விரதம் மாதிரி இருக்கணும். தண்ணி நல்லா குடிக்கணும். விளங்கினதா?”

விளங்கியதா என்றா கேட்கிறாய் மகளே, விரதம் பிடித்தே வளர்ந்தவள் நான் என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். எனக்கு வேறு ஒரு சந்தோஷமும் இருந்தது. அது மெஷின் சரியான பிறகு ராத்தாவுக்குத் தந்திருந்த அதே நாள். இப்போது யார் முன்னால், யார் பின்னால்?

மறுநாள் போய் மருந்துப் பொட்டலங்களை வாங்கிக்கொண்டு வந்தேன். படி ஏறும்போது ராத்தா கூப்பிட்டார்.

“தங்கச்சி, ஒங்களுக்கும் நாளைக்காமே! அல்ஹம்துலில்லாஹ். இங்க வாங்க, அந்த மருந்து குடிக்கிற வெவரம் செல்றேன். என்னைய அன்னைக்கு வெளக்கம் செல்றதுக்குன்னே கூப்பிட்டு உக்கார வச்சாங்க. நோன்பு மாதிரி இரிக்கணும்னு மிஸ் சென்னா. அப்ப எச்சியும் முழுங்கக்கூடாதான்னு கேட்டேன். சிரிச்சி சிரிச்சி வெளக்கம் சென்னா...”

“எங்களுக்கு விரதம் புதுசா ராத்தா?” என்று நான் வெடுக்கென்று சொன்னேன். “சின்ன வயசுலருந்து பிடிக்கிறோம். எனக்கும் போன்ல எல்லாம் சொன்னாங்க.”

அவர் முகம் கொஞ்சம் வாடியது. “அப்ப சரி தங்கச்சி” என்று உள்ளே போய்விட்டார். தேதிதான் அவருக்கு முதலில் கிடைத்தது, விளக்கமும் அவரிடமிருந்துதான் வாங்க வேண்டுமா என்று எனக்கு வீம்பு.

அன்றைக்கு நான் என் வழக்கப்படி விரதம் இருந்தேன். எங்கள் விரதம் என்றால் சோறு கிடையாது, கறி கிடையாது. பாலும் பழமும் மட்டும். குளித்து, சாமி கும்பிட்டு, காலையில் ஒரு கோப்பை பால், இரண்டு கதலி வாழைப்பழம். மத்தியானம் பசித்தது. கிணற்றடியில் கொய்யா நன்றாகப் பழுத்திருந்தது. பறித்துக் கழுவி, சாமிக்கு ஒன்று வைத்துவிட்டு, வயிறு நிறைய சாப்பிட்டேன். மருந்துப் பையோடு ஒரு தாளும் தந்திருந்தார்கள். அதில் தமிழில் ‘தெளிந்த நீராகாரம் மட்டும்’ என்று இருந்தது. பாலைவிடத் தெளிந்தது எது, சாமிக்கே அதைத்தானே ஊற்றுகிறோம் என்று நினைத்து, சாயந்திரம் இன்னொரு கோப்பை பால் குடித்தேன். அதற்குப் பிறகு அந்த மருந்தைக் கரைத்துக் குடித்தேன். உப்பும் புளிப்புமாக ஒரு ருசி. அது என்னைப் படுத்திய பாட்டை எழுத வேண்டாம்.

காலையில் நாங்கள் புறப்பட்டோம். ராத்தாவும் அவர் மகளும் ஒரு த்ரீவீலரில். அன்றைக்கென்று லீவு போட்டு வந்திருந்த என் வீட்டுக்காரரும் நானும் இன்னொரு த்ரீவீலரில். ஒரே ஊரிலிருந்து ஒரே வாசலுக்கு, ஒன்றின் பின்னால் ஒன்றாக இரண்டு த்ரீவீலர். வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

அங்கே பெயர் கூப்பிட்டபோது எனக்கு முன்வரிசையில் இடம், ராத்தா கடைசி. வரமுடியாமல் போனவரின் இடம் எனக்குக் கிடைத்ததால் அப்படி. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். உள்ளே என்ன வருத்தம் இருக்கிறதோ என்ற பயம் ஒரு பக்கம், ஆனாலும் ராத்தாவுக்கு முன்னால் எழுந்து போகிறேன் என்று நடை மட்டும் மிடுக்காக இருக்கிறது. மிஸ் கேட்டார், “வெளிய போறது தண்ணி மாதிரி தெளிவா இருக்கா அம்மே?” பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள். வெட்கத்தில் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

கட்டிலில் சரித்துப் படுக்கவைத்து கையில் ஒரு ஊசி போட்டார்கள். முழுசாகத் தூக்கம் வரவில்லை. தூரத்தில் பேசுவது மாதிரி எல்லாம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் டாக்டர் நிறுத்திவிட்டு ஏதோ சொன்னார். மிஸ் என் காதருகே குனிந்து, “பேர? பேர?” என்று கேட்டார். நான் என் பேரைச் சொன்னேன். மறுபடியும் “பேர கேவாத?” என்றார். நான் இன்னும் சத்தமாக, என் பேர், அப்பா பேர், ஊர்ப் பேர் எல்லாம் சொன்னேன். எனக்குச் சிங்களம் நன்றாகவே தெரியும். ஆனால் அந்த மயக்கத்தில், சிங்களத்தில் பேர என்றால் கொய்யா என்பது ஞாபகமே வரவில்லை. கொய்யாப்பழம் சாப்பிட்டாயா என்றுதான் அந்தப் பிள்ளை கேட்டிருக்கிறது. கெமராவுக்கு முன்னால் ஒரே கொய்யா விதையாம்.

வெளியே கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். டாக்டர் ஏசவில்லை. ஏசியிருந்தால்கூட நல்லது. களைப்போடு, “ஒண்ணும் தெரியல்ல அம்மா. இப்படி இருந்தா பார்க்க ஏலாது” என்றார். மிஸ்தான் தலையில் கை வைத்தார்.

“ஐயோ அம்மே, விரதம்னு சொன்னா ஏன் பழம் சாப்பிட்டது?”

“விரதம்னா பாலும் பழமும்தானே மிஸ்...”

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த ஒருவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்குக் கண்ணீர் வந்தது. இந்த ஒரு இடத்துக்காக எத்தனை பேர் வீட்டில் போனைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பார்கள்! அதைக் கொய்யாப்பழத்தால் வீணாக்கிவிட்டேன். இனி எனக்குப் பழைய தேதிதான், தைப்பொங்கல்.

மிஸ்ஸுக்கு மனசு இளகியது. இன்னும் மருந்து கரைத்துத் தந்து, “குடிச்சிட்டு இருங்க. லிஸ்ட் முடிஞ்சு நேரம் இருந்தா மறுபடி பார்ப்போம். சொல்ல ஏலாது” என்றார். நான் அந்த உப்புத் தண்ணீரைக் கண்ணீரோடு சேர்த்துக் குடித்தேன். கக்கூசுக்கும் வெளியே உட்கார்ந்திருக்கும் மர வாங்குக்கும் நடையாய் நடந்தேன். வாங்கில் எனக்குப் பக்கத்தில் ராத்தா உட்கார்ந்திருந்தார், கையில் ஓதி உருட்டும் தஸ்பீஹ் மணி. அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அவர் ஒரு வார்த்தை குத்திக்காட்டினாலும் எழுந்து ஓடியிருப்பேன்.

அவர் மணியை உருட்டிக்கொண்டே சொன்னார், “கொய்யா நல்ல பழமா தங்கச்சி?”

எனக்கு அழுகையோடு சிரிப்பு வந்துவிட்டது.

பின்னேரம், வார்டிலிருந்து ஒரு வயதானவரை அவசரமாகத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அவருக்கு ரத்தம் நிற்காமல் போய்க்கொண்டிருந்ததாம். நேரம் அதிலேயே போய்விட்டது. அவரை வெளியே கொண்டுபோன பிறகு மிஸ் வந்து நின்றார். டாக்டர் ஒப்பரேஷன் தியேட்டருக்குப் போகவேண்டுமாம். இன்னும் ஒருவரைத்தான் பார்க்க நேரம் இருக்கிறதாம்.

மிச்சம் இருந்தது நாங்கள் இரண்டு பேர்தான். லிஸ்டில் பெயர் இருப்பது ராத்தாவுக்கு. நேற்றிலிருந்து சொன்னது சொன்னபடி இருந்தவர் அவர். நான் அன்றைய இடத்தை வீணாக்கியவள். மிஸ் அவரைப் பார்த்துத்தான், “எழும்புங்க” என்றார்.

ராத்தா எழும்பவில்லை. “தங்கச்சிக்கி இப்ப தண்ணி மாதிரி போவுதா?” என்று மிஸ்ஸைக் கேட்டார். போகிறது என்றார் மிஸ். “அப்ப தங்கச்சிய எடுங்க.”

மிஸ்ஸுக்கும் விளங்கவில்லை, எனக்கும் விளங்கவில்லை. ராத்தாவின் மகள், “உம்மா!” என்று தோளைப் பிடித்தாள். அவர் மகளின் கையைத் தட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“இங்க பாருங்க தங்கச்சி. என்ட வாப்பாவும் காக்காவும் இந்தக் கொடல் புற்றுலதான் மவுத்தானாங்க. அன்னைக்கு டாக்டர் கேட்டாரு, குடும்பத்துல யாருக்கும் இருந்திச்சான்னு. செல்லிட்டேன். அதனாலதான் எனக்கு வெள்ளனத் தேதி போட்டாங்க. இன்னைக்கு நான் விட்டாலும் எனக்குக் கிட்டத்துல இன்னொண்ணு தருவாங்க. நீங்க விட்டா தைப்பொங்கல். போங்க, எந்திரிங்க.”

மருமகன் இல்லை, ஆள் பிடிக்கவில்லை, ஒன்றுமில்லை. என்னைவிடக் கூடுதலான பயம் இருந்ததால்தான் அவருக்கு முந்தின தேதி. இத்தனை மாதமாக நான் பொறாமைப்பட்டது அந்தப் பயத்தைப் பார்த்துத்தான். அப்பா, அண்ணன் என்று இரண்டு மரணம் பார்த்த வீட்டில் இருந்துகொண்டுதான் அவர் அப்படிச் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

வேண்டாம் ராத்தா, நீங்க போங்க என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாய் வரவில்லை. எனக்கு உயிராசை. எழுந்து போனேன்.

குடலின் உள்சுவரில், காளான் முளைக்கிற மாதிரி ஒரு சின்ன முளை இருந்ததாம். அதை அப்போதே கம்பியால் வெட்டி எடுத்து சோதனைக்கு அனுப்பினார்கள். கொஞ்ச நாளில் முடிவு வந்தது. புற்றுநோய் இல்லை. ஆனால் விட்டிருந்தால் அப்படி மாறக்கூடியதுதான் என்றார் டாக்டர். இனி சில வருஷத்துக்கு ஒரு தடவை வந்து பார்த்துக்கொள்ளச் சொன்னார். நான் ஆஸ்பத்திரி வாசலிலேயே தரையில் விழுந்து கும்பிட்டேன். எந்தத் திசையைப் பார்த்துக் கும்பிட்டேன் என்றுகூடத் தெரியாது.

ராத்தாவுக்கு அவர் சொன்ன மாதிரியே கிட்டத்தில் ஒரு தேதி தந்தார்கள். அந்தத் தேதி வரும்வரை நான் பட்ட பாடு என் தேதிக்காகக்கூடப் பட்டதில்லை. மெஷின் மறுபடி உடைந்துவிடக்கூடாதே என்று பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்தேன். அவர் இருமினால் வேலிக்கு ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன். எனக்கு விட்டுக்கொடுத்த அந்தக் கொஞ்ச நாளில் அவருக்குள் ஏதாவது பெரிதாகிவிட்டால்? அம்மாளே, அவருக்கு ஒன்றும் இருக்கக்கூடாது என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அது அவருக்காகக் கேட்டதா, என் மனசு நிம்மதியாக இருக்க வேண்டும் என்று கேட்டதா என்று அம்மாளுக்குத்தான் தெரியும்.

முந்தின நாள் நான் கொத்தமல்லியும் இஞ்சியும் போட்டுக் கொதிக்கவைத்து, வெள்ளைத் துணியில் வடிகட்டி, கூஜாவில் ஊற்றிக்கொண்டு படி இறங்கிப் போனேன். கண்ணாடிக் கோப்பையில் ஊற்றி, வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன்.

“அடியில என் வெரல் தெரியுது பாருங்க. இதுதான் தெளிந்த நீராகாரம்.”

“பாருங்களே, டாக்டர்!” என்று மகளிடம் சொல்லிச் சிரித்தார் ராத்தா. “எங்கட நோன்புல இந்த நேரத்துக்குத் தண்ணியே கெடயாது. இது எனக்கு விருந்து தங்கச்சி.”

மறுநாள் ஒரே த்ரீவீலரில் போனோம். அவர் உள்ளே போனதும் நான் அதே வாங்கில் உட்கார்ந்து, தெரிந்த தேவாரமெல்லாம் சொன்னேன், தெரியாத வரிகளை விட்டுவிட்டுச் சொன்னேன். கதவு திறந்தது. மிஸ் முகம் சிரித்திருந்தது. குடலில் ஒன்றுமே இல்லையாம். வெறும் மூலமாம். மருந்து தந்து அனுப்பிவிட்டார்கள்.

சந்தோஷத்தில் நான் அழுதேன், அது சத்தியம். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இதை எழுதிப் பிரயோசனமில்லை. அழுதுகொண்டிருக்கும்போதே நெஞ்சின் ஒரு மூலையில் சின்னதாக ஒரு முள் குத்தியது. அவளுக்கு ஒன்றுமே இல்லை, எனக்கு மட்டும் முளை. அவள் இனி வரவேண்டியதுகூட இல்லை போல, நான் மட்டும் திரும்பத் திரும்ப வரவேண்டும்.

ராத்தா என் முகத்தைப் பார்த்தார். அந்தக் கண்ணுக்கு எதுதான் தப்பும்?

“என்ன தங்கச்சி, இப்ப என்ட வெறுங்கொடலப் பாத்தும் பொறாமயா?”

நான் வெட்கத்தில் தலையைக் குனிந்தேன். “தெரியுமா ராத்தா?”

“தேதி தந்த அன்னைக்கே தெரியும். பஸ்ஸுல அந்த ஜன்னலத் தின்னுற மாதிரி பாத்துக்கிட்டு வந்தீங்களே. மெஷினும் ஒங்கட கண்ணூறு பட்டுத்தான் ஒடஞ்சிச்சோ என்னமோ.” சொல்லிவிட்டு ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் சத்தமாகச் சிரித்தார். பிறகு கொஞ்சம் நிதானமாகச் சொன்னார், “எனக்கும் திரும்ப வரச் சென்னாங்க, கொஞ்ச வருஷம் கழிச்சி. வாப்பாட கணக்கு இரிக்கே. இன்ஷா அல்லாஹ், அப்பவும் ஒரே த்ரீவீலர்லயே வருவோம்.”

மகளுக்கு ஆண் பிள்ளை பிறந்தது. முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழிந்து கொண்டுவந்தபோது பிள்ளையை முதலில் தூக்கிப் பார்க்கப் படி ஏறி வந்தவர் ராத்தாதான். இப்போதும் நான் வெள்ளிக்கிழமை விரதம் பிடிக்கிறேன். பாலும் வாழைப்பழமும் மட்டும். கொய்யா பழுத்தால் ஒரு கூடை பறித்துக் கீழ் வீட்டுக்குக் கொடுத்துவிடுவேன். அதை வாங்கும்போதெல்லாம் அவர், “பேர கேவாத?” என்று கேட்பார், நான் என் முழுப் பேரையும் சொல்லுவேன், இரண்டு பேரும் சிரிப்போம்.

பொறாமை என்னை விட்டுப் போய்விட்டது என்று எழுதினால் அது சாமிக்குச் சொல்லும் பொய். எனக்கு முன்னால் யாராவது நின்றால் இப்போதும் நெஞ்சில் ஒரு தடவை சுருக்கென்கிறது. ஆனால் அன்றைக்கு அந்த வரிசையில் எனக்கு முன்னால் நின்றது ராத்தாவாக இல்லாமல் வேறு யாராவது இருந்திருந்தால், அந்த இடம் எனக்குக் கிடைத்திருக்காது என்பதையும் அதே நெஞ்சுதான் உடனே எனக்கு ஞாபகப்படுத்திவிடுகிறது.